ஒகினாவாவின் முதியவர்களோடு கராத்தே

திருச்சியில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். வயது நாற்பத்தாறு. மாடிப்படி இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: போதும், விட்டுவிடு. எலும்பு மருத்துவரும் சுற்றி வளைத்து அதையேதான் சொன்னார். நாங்கள் பழகும் கோஜு-ரியு பாணி பிறந்த, ஜப்பானின் ஒகினாவாவில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இன்னும் டோஜோவுக்கு, அதாவது பயிற்சிக்கூடத்துக்கு, வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களுடைய முழங்கால் எப்படித் தாங்குகிறது என்று நேரில் பார்க்காமல் விடுவதில்லை என்று பிடிவாதம் பிடித்துப் போனேன். அங்கே இரவுகளில் எழுதிவைத்ததை ஊர் திரும்பியபின் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

ஜூன் 11, நாஹா

ஒகினாவாவின் தலைநகர் நாஹாவில் இறங்கும்போதே மழை. ஒகினாவாவில் மழைக்காலம் மே இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜூன் மூன்றாம் வாரம் வரை நீடிக்கும். டோக்கியோவுக்கு மழை வரும் முன்பே இங்கே பாதி மழைக்காலம் போயிருக்கும். வெப்பம் முப்பது டிகிரிக்கு மேல் போகவில்லை, ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம். திருச்சி வெயிலில் வளர்ந்த எனக்கும் இந்தப் புழுக்கம் புதிது.

பெட்டி வரவில்லை. விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டதாம். கராத்தே உடை, பெல்ட், முழங்கால் உறை எல்லாம் அதற்குள் இருந்தன. கவுன்டரில் இருந்த பெண் ஒவ்வொரு பொருளாகக் கேட்டு எழுதிக்கொண்டு, எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். நாளை மாலைக்குள் விடுதிக்கே வந்துவிடும் என்றார். சொன்னபடி வந்தும் சேர்ந்தது. ஆனால் முதல் வகுப்பு இன்று இரவு ஏழரைக்கு.

மோனோரயிலில் மாகிஷி நிலையத்தில் இறங்கி, சுபோயா மண்பாண்டத் தெருவைத் தாண்டிச் சந்துகளுக்குள் நுழைந்தேன். முன்பு ஒகினாவாவை ஆண்ட ரியுக்யு அரசு 1682-ல் சிதறிக் கிடந்த சூளைகளைக் கொண்டுவந்து சேர்த்த இடம் சுபோயா. இன்றும் கடை வாசல்களில் ஜாடிகளும் சிங்க முகக் காவல் பொம்மைகளும் வரிசையாக நிற்கின்றன. இங்கே வீட்டு எண்கள் தெருவை ஒட்டி வருவதில்லை, மனைத் தொகுதியை ஒட்டி வருகின்றன. கைபேசி வரைபடம் என்னை ஒரு முட்டுச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தச் சுவரின் அடியில் மூன்று எழுத்துகள் செதுக்கிய ஒரு கல் பதித்திருந்தார்கள். கெட்ட ஆவிகள் நேராகத்தான் போகுமாம், திரும்பத் தெரியாதாம். தெருக்குத்து உள்ள இடங்களில் நாம் பிள்ளையார் வைப்பதைப் போல இங்கே அந்தக் கல்லை வைக்கிறார்கள்.

நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவரிடம் முகவரியைக் காட்டினேன். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. கையசைத்துக் கூட்டிக்கொண்டு மூன்று சந்து தள்ளி டோஜோ வாசல் வரை வந்தார். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்ததால் அவருடைய வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது.

இரண்டு மாடி வீடு. கீழே டோஜோ, மேலே ஆசிரியரின் குடும்பம். பெயர்ப்பலகை ஒரு சாண் நீளம்தான். செருப்பைக் கழற்றி வாசலைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டு உள்ளே போனால், பத்துப் பேர் நின்று கைவீசினால் நிறைந்துவிடும் ஒரு கூடம். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரின் மகள் என் நிலைமையைக் கேட்டு, தன்னுடைய பழைய உடையைக் கொண்டுவந்து கொடுத்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி. கட்டிக்கொள்ள ஒரு வெள்ளை பெல்ட். ஊரில் எனக்கு என்ன பெல்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பு முடியும் வரை யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

ஜூன் 12

கட்டணத்தைப் புது நோட்டுகளாக உறையில் போட்டு இரு கையாலும் கொடுக்கவேண்டும் என்று ஆசிரியரின் மகள் முன்பே சொல்லியிருந்தார். உள்ளூர் மாணவர்களுக்கு மாதம் ஐயாயிரம் யென். நம் பணத்தில் மூவாயிரம் ரூபாயைத் தொடாது. ஆசிரியர் உறையைத் திறக்காமலே நெற்றிக்கு உயர்த்திவிட்டு அலமாரியில் வைத்தார்.

இன்று முழுவதும் சான்சின். கோஜு-ரியுவின் அடித்தளமான கட்டா இது. கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு. மூன்று அடி முன்னேறி, மூச்சோடு சேர்த்து மெதுவாகக் குத்தி, மெதுவாக இழுத்து, பின்வாங்கி முடிப்பது. பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததாகத் தோன்றும். செய்பவருக்கு மூன்றாவது நிமிடத்தில் தொடை நடுங்கும்.

நம் ஊரில் சான்சினைச் சோதிப்பது என்றால் தோளில் ஓங்கி அறைவார்கள், தொடையில் உதைப்பார்கள். ஆண்டு விழாக்களில் முதுகில் கட்டையை உடைத்துக் காட்டுவதும் உண்டு. இந்த ஆசிரியருக்கு எழுபதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு. என் பின்னால் வந்து நின்று, வால் எலும்புக்குச் சற்று மேலே இரண்டு விரல்களை வைத்தார். மற்றொரு உள்ளங்கை அடிவயிற்றில். இரண்டையும் எதிரெதிராக லேசாக அழுத்தினார். இடுப்பு ஒரு விரற்கடை உருண்டது. பிறகு குனிந்து என் முன்பாதத்தைப் பிடித்து, அதன் குதிகால் பின்பாதத்தின் விரல் நுனிக்கு நேராக வரும்படி இழுத்துவைத்தார். முழங்காலில் ஏறியிருந்த பாரம் அந்த இடத்திலேயே தொடைக்கு மாறியது. கண் கலங்கிவிட்டது எனக்கு. எத்தனை மருந்து, எத்தனை தைலம்!

முடிந்ததும் எல்லோரும் ஈரத்துணியைத் தரையில் விரித்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள். ஆசிரியரும் துணி எடுத்தார்.

ஜூன் 14

விடாத மழை. விடுதி அறையில் தொங்கவிட்ட உடை இரண்டு நாளாகியும் காயவில்லை, கழுத்துப் பட்டையில் பூஞ்சை வாடை. காசு போட்டு இயக்கும் சலவைக்கூடம் தெரு முனையில் இருந்தது. பத்து நிமிட உலர்த்தலுக்கு நூறு யென். கனத்த துணி என்பதால் நாற்பது நிமிடம் பிடித்தது. பக்கத்தில் காத்திருந்த பாட்டி என் உடையைத் தொட்டுப் பார்த்து, முஷ்டியை உயர்த்திச் சிரித்து, பையிலிருந்து ஒரு கட்டி கருப்பு வெல்லத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் இந்தத் தீவுகளின் பழைய விளைபொருள். தேநீரோடு கடித்துக்கொள்கிறார்கள்.

இரவு வகுப்பில் கருவிகள். கட்டைக் கைப்பிடியின் ஒரு முனையில் சிமெண்ட் கல் வார்த்த சீஷி, வாய் அகன்ற மண் ஜாடிகள், வைக்கோல் பிரி சுற்றிய குத்துப்பலகையான மாகிவாரா, நீள்வட்ட இரும்புச் சட்டம். இந்தச் சட்டத்தை மியாகி சோஜுன் 1934-ல் ஹவாய் போயிருந்தபோது அங்கே மல்யுத்தக்காரர்களிடம் பார்த்துவிட்டு வந்து பயிற்சியில் சேர்த்துக்கொண்டார் என்கிறார்கள். கோஜு-ரியுவை நிறுவியவர் அவர்.

ஜாடியின் விளிம்பை விரல் நுனிகளால் கவ்வித் தூக்கிக்கொண்டு சான்சின் நடை நடக்கவேண்டும். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் என் ஜாடிகளைத் தயார் செய்தார். உள்ளே இருந்த மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். நான் நிறுத்தச் சொன்னபோதும் கேட்காமல் இன்னும் இரண்டு கரண்டி எடுத்துவிட்டுத்தான் தந்தார். அவருடைய ஜாடிகள் கழுத்து வரை நிரம்பியிருந்தன. வாரத்துக்கு ஒரு கரண்டி மணல் என்று தொடங்கியதாம். கை சளைத்தால் அந்த வாரம் ஒரு கரண்டியை எடுத்துவிடுவாராம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நாம் முஷ்டியால் தரையில் தண்டால் எடுக்கவைக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊர்ப் பயிற்சிகள் பலவற்றில் ஏற்றுவதற்கு வழி உண்டு, இறக்குவதற்கு வழி கிடையாது.

ஜூன் 15

வகுப்பு இல்லாத நாள். சாப்பாட்டைப் பற்றி எழுதியாகவேண்டும்.

நான் மீனும் முட்டையும் சாப்பிடுவேன், பன்றியும் மாடும் கிடையாது. ஒகினாவாவில் இது பெரிய சிக்கல். இங்கே பன்றியின் காது முதல் கால் வரை எதையும் விடுவதில்லை. புகழ்பெற்ற ஒகினாவா நூடுல்ஸின் சாறுகூடப் பன்றி எலும்பில் காய்ச்சியதுதான். மாகிஷி பொதுச்சந்தைக்குப் போனேன். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டி 2023-ல் திறந்திருக்கிறார்கள். கீழே கிளிப்பச்சை நிற மீன்களும் பன்றி முகங்களும், மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள்.

சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன உணவகத்தில் பாகற்காய்ப் பொரியலுக்குச் சொன்னேன். கோயா சாம்புரு என்பார்கள். பன்றி வேண்டாம் என்று எழுதிவைத்திருந்த தாளைக் காட்டினேன். சமையல்காரப் பெண்மணி அதைப் படித்துவிட்டு, மேலே தூவும் காய்ந்த மீன் சீவலையும் காட்டி, இது பரவாயில்லையா என்று சைகையில் கேட்டார். பிறகு எனக்கென்று தனி வாணலியைக் கழுவி அடுப்பில் வைத்தார். பாகற்காயை நீளவாக்கில் பிளந்து கரண்டியால் விதையை வழித்து, பிறை பிறையாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறிவைத்திருந்தார். கெட்டியான டோஃபுவைக் கத்தி படாமல் கையால் பிய்த்துப் போட்டு விளிம்பு சிவக்க வறுத்து, பாகற்காயைச் சேர்த்து, கடைசியில் முட்டையை ஊற்றி இரண்டு புரட்டு. புளியும் வெல்லமும் போட்டுக் கசப்பைத் தணிக்காமல், கசப்பைக் கசப்பாகவே விட்டிருந்தார். சோறும் சூப்பும் சேர்த்து 750 யென். மல்லிகை மணக்கும் சன்பின் தேநீர் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம்.

ஒகினாவா என்றாலே நூறு வயது வாழ்பவர்களின் ஊர் என்று நம் பத்திரிகைகளில் வரும். இங்கே உள்ளவர்கள் அதைப் பற்றிக் கவலையோடு பேசுகிறார்கள். ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆண்களின் ஆயுள் வரிசையில் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த ஒகினாவா, 2000-ல் 26-ஆம் இடத்துக்கும் 2020-ல் 43-ஆம் இடத்துக்கும் இறங்கிவிட்டது. போருக்குப் பின் அமெரிக்கத் தளங்களோடு வந்த டப்பா இறைச்சியும் பர்கரும், எங்கு போனாலும் காரில் போகும் வாழ்க்கையும் காரணம் என்கிறார்கள். நான் போன கடையிலும் கோயா சாம்புருவில் வழக்கமாகப் போடுவது டப்பா இறைச்சிதான். ஆக, எங்கள் டோஜோவின் முதியவர்களைத் தாங்குவது இந்த ஊரின் தண்ணீரோ காற்றோ என்று சொல்லிவிட முடியாது.

ஜூன் 17

மழை ஓய்ந்த இரண்டு மணி நேரத்தில் மாட்சுயாமா பூங்காவுக்கு நடந்தேன். மியாகிக்கும் அவருடைய ஆசான் ஹிகாவோன்னா கான்ரியோவுக்கும் இங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஹிகாவோன்னா 1870-களில் கடல் கடந்து சீனாவின் ஃபூசௌ நகருக்குப் போய்ப் பயின்று திரும்பியவர். பூங்காவுக்கு எதிரிலேயே ஃபூசௌ முறையில் அமைத்த தோட்டம். அதைச் சுற்றியுள்ள குமே பகுதியில் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சீனக் குடும்பங்கள் குடியேறியிருந்தன. வணிகமும் எழுத்தும் சண்டைக்கலையும் வந்த வழி இங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

வகுப்புக்குப் பின் தேநீர் குடிக்கும்போது ஒருவர் என்னிடம் போதிதர்மரைப் பற்றிக் கேட்டார். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் கேட்பாராம். எங்கள் ஊர் மேடைகளில் கராத்தே காஞ்சிபுரத்தில் பிறந்தது என்று கைதட்டல் வாங்குகிறார்கள். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்பது பழைய மரபு, அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஷாவோலினில் சண்டை கற்றுக்கொடுத்தார் என்ற கதை, அவர் பெயரில் 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஓர் உடற்பயிற்சி நூலோடு சேர்ந்து வளர்ந்தது. சீன ஆய்வாளர் தாங் ஹாவோ 1930-களிலேயே அதை ஏற்க முடியாது என்று எழுதிவிட்டார். இதைச் சொன்னேன். கேட்டவர் தலையசைத்தார். ஹிகாவோன்னா பாய்மரக் கப்பலில் போய்ப் பட்ட பாட்டை நம் பெருமைக்காக மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பெருமைக்கு நமக்குச் சிலம்பம் இருக்கிறது.

ஜூன் 18

இந்தப் பயணத்தில் நான் தேடிப்போனது இன்று கிடைத்தது.

காகியே என்றொரு பயிற்சி. இருவர் எதிரெதிரே சான்சின் நிலையில் நின்று, வலது மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று வைத்து, ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி, பிறகு அவர் தள்ள இவர் வாங்கவேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவருக்கு எழுபத்தெட்டு வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரம் என் காதளவுக்குத்தான்.

முதலில் மரியாதைக்காக மெதுவாகத் தள்ளினேன். கை போய்க்கொண்டே இருந்தது, தடுப்பே இல்லை. கொஞ்சம் பலம் கூட்டினேன். அப்போதும் வாங்கிக்கொண்டார். முழு உடம்பையும் போட்டுத் தள்ளியபோது அவருடைய மணிக்கட்டு என் கையைச் சுற்றி ஒரு சின்ன வளையம் போட்டது. நான் பக்கவாட்டில் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். முகத்தில் முயற்சியின் அடையாளமே இல்லை. தோலுக்கு அடியில் அவருடைய எலும்பு நகர்வதை என் மணிக்கட்டில் உணர்ந்தேன். மெலிந்த கைதான். ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் குதிகால் வரை எல்லாம் ஒன்றாகக் கோத்திருந்தது.

அரை மணி நேரம் செய்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவர் நிறுத்தி, என் இடது முழங்காலைக் காட்டி ஏதோ சொன்னார். ஆசிரியரின் மகளைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார்: தள்ளும்போது இந்த முழங்கால் உள்பக்கம் சரிகிறது, கட்டைவிரலின் திசையை விட்டு விலகுகிறது, வலி அங்கேதான் இருக்குமே? அதே இடம்தான். ஐம்பது வயதில் அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம். தாழ்ந்து நிற்பதை அன்றைக்கே குறைத்துவிட்டாராம். போட்டிகளில் நடுவர்களுக்குத் தெரிவதற்காகக் கால்களை அகட்டி இறக்கிப் பழகியது பிற்காலத்து வழக்கம் என்றும், தன் ஆசான்கள் நின்ற உயரம் இன்னும் ஒரு சாண் மேலே என்றும் நின்று காட்டினார்.

எத்தனை முறை செய்வது என்று கேட்டேன். நாளைக்கும் வர முடிகிற அளவுக்கு என்றார். உயர்நிலைப் பள்ளி நாட்களில் தொடங்கியவர். ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்து, டாலரில் மிட்டாய் வாங்கிய காலம் அது. 1972-ல் ஜப்பானிடம் திரும்பியபோதும், 1978 ஜூலை 30 காலை ஆறு மணிக்கு ஊரே ஒரே நேரத்தில் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியபோதும் தபால் கொடுத்துவிட்டு மாலையில் இதே கூடத்துக்கு வந்திருக்கிறார். உள்ளூரில்கூட அவரை யாருக்கும் தெரியாது. கோப்பை கிடையாது, படம் கிடையாது. நான் பார்த்த கராத்தேக்காரர்களில் இவரைப் போல் ஒருவர் இல்லை.

ஜூன் 20

பஸ்ஸில் டோமிகுஸுகு ஊருக்கு. ஏறும்போது எண் அச்சிட்ட சீட்டை இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளவேண்டும், இறங்கும்போது முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே காட்டும் தொகையைப் பெட்டியில் போடவேண்டும். என்னிடம் சில்லறை இல்லை. பஸ் நின்றிருக்க, ஓட்டுநர் நோட்டை மாற்றும் இடத்தைக் காட்டிக் காத்திருந்தார். பின்னால் இருந்தவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

2017-ல் திறந்த ஒகினாவா கராத்தே மண்டபம் இங்கே ஒரு மேட்டின் மீது இருக்கிறது. பெரிய கட்டடம், நல்ல கண்காட்சி. 1901-ல் ஷுரி தொடக்கப் பள்ளியில் கராத்தேயை நுழைத்த இதோசு அன்கோவைப் பற்றிய பகுதியில் நெடுநேரம் நின்றேன். அவர் 1908-ல் அரசுக்கு எழுதிய கடிதத்தில், கராத்தே விரைவில் கைவருவதன்று, எருதின் நடை மெதுவானாலும் ஆயிரம் காவதம் போய்விடும், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் பழகினால் மூன்று நான்கு ஆண்டுகளில் உடம்பு மாறும் என்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியவரே மூன்று நான்கு ஆண்டு என்றுதான் கணக்குச் சொல்கிறார்.

எங்கள் டோஜோவில் கம்பு பழகும் இருவர் அங்கே பயிற்சிக்கு வந்திருந்தார்கள். ஒகினாவாக் கம்பு ஆறு ஷாகு, அதாவது 182 சென்டிமீட்டர், கருவாலி மரம், இரு முனையும் சற்றே மெலிந்திருக்கும். குத்தும் வெட்டும் அதிகம், சுழற்சி குறைவு. சிறுவயதில் தாத்தாவிடம் சிலம்பம் பழகியவள் என்று தெரிந்ததும் கம்பை என்னிடம் நீட்டினார்கள். நமக்கு நெற்றி உயரப் பிரம்பு பழக்கம். இந்தக் கனத்த கம்பில் அலங்கார வரிசையெல்லாம் வராது. இருந்தாலும் கால் மானத்தோடு நாலு சுவடு வைத்துச் சுழற்றினேன். அவர்களின் பார்வை கம்பில் இல்லை, என் பாதங்களில்தான் இருந்தது. இன்னொருமுறை, காலடியை மட்டும் என்றார்கள். அடுத்த ஒரு மணி நேரம் மூவரும் சுவடு வைத்துக்கொண்டிருந்தோம். தாத்தா பார்த்திருக்கவேண்டும்.

ஜூன் 23

ஒகினாவாவில் இன்று அரசு விடுமுறை. 1945-ல் இங்கே நடந்த போர் முடிந்த நாளாக இதை நினைவுகூர்கிறார்கள். தபால்காரர் காலை ஐந்தரைக்கே காரில் வந்து என்னைப் போர் நினைவிடம் உள்ள மபுனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நண்பகலில் பிரதமர் வரும் விழாவுக்கு முன்பே குடும்பங்கள் வந்துபோய்விடும் என்றார்.

கடலைப் பார்த்த மேட்டில் கருங்கற் சுவர்கள் மடிப்பு மடிப்பாக நிற்கின்றன. 1995-ல் எழுப்பியவை. போரில் இறந்த 2,40,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. ஒகினாவாக்காரர், ஜப்பானியர், கொரியர், அமெரிக்கர் என்று பாராமல் எல்லோருடைய பெயரும். ஒகினாவாவின் பொதுமக்களில் மட்டும் ஏறத்தாழ 94,000 பேர் மாண்டதாக மாகாண அரசு கணக்கிட்டிருக்கிறது. தபால்காரர் தன் அக்காவின் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே இறந்த அக்கா. பாட்டிலிலிருந்து தண்ணீரை அந்தப் பெயரின் மேல் ஊற்றி, கைக்குட்டையால் எழுத்துகளைத் துடைத்து, ஒரு மிட்டாயைப் பிரித்து வைத்தார். நான் தள்ளி நின்றேன்.

திரும்பும் வழியில் கராத்தேயைப் பற்றித்தான் பேசினார். மியாகி தனக்குப் பின் என்று வைத்திருந்த மாணவர் ஷின்ஸாட்டோ ஜின்அன் அந்தப் போரில் இறந்தார். மியாகியின் பிள்ளைகளில் சிலரும் இறந்தார்கள். எழுதிவைத்த குறிப்புகளும் போயின. போருக்குப் பிறகு நாஹாவில் தன் வீட்டு முற்றத்தில் சில இளைஞர்களை வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கி, 1953-ல் இறக்கும் வரை சொல்லிக்கொடுத்தார். நான் பழகும் ஒவ்வொரு கட்டாவும் அழிவிலிருந்து தப்பிய கையளவு மனிதர்களின் நினைவில் இருந்து வந்தது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு எப்படிக் கட்டாவை மட்டும் சொல்லிக்கொடுப்பது?

ஜூன் 24

கடைசி வகுப்பு. மழைக்காலம் முடிந்து வெயில் கொளுத்துகிறது. சான்சினைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனியாகச் செய்யச் சொன்னார் ஆசிரியர். நடுவில் ஒருமுறை மட்டும் வந்து தோளைத் தொட்டார். தோள் உயர்ந்திருந்தது. முடிந்ததும் சான்றிதழ் எதுவும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து, மாகிவாரா எவ்வளவு உயரம், அடியில் எவ்வளவு தடிமன், நுனியில் எவ்வளவு மெலிய வேண்டும் என்று அளவோடு வரைந்து கொடுத்தார். முதல் மாதம் இருபது குத்துக்கு மேல் வேண்டாம் என்று அடியில் எழுதியிருந்தார். சமையற்கூடத்து அம்மாள் கருப்பு வெல்லம் ஒரு பொட்டலம் தந்தார். தபால்காரர் வாசல் வரை வந்து, என் முழங்காலைக் காட்டி, பிறகு கட்டைவிரலைக் காட்டினார்.

ஜூலை 2, திருச்சி

ஆகஸ்டில் வைத்திருந்த பெல்ட் தேர்வை நிறுத்திவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் கட்டணம் என்பது எங்கள் வட்டாரத்தில் ஊறிப்போன வழக்கம். இனி ஆண்டுக்கு ஒரு தேர்வுதான், கட்டணமும் கிடையாது என்று பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். முஷ்டித் தண்டாலையும் நிறுத்தியாயிற்று. காலை ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு தொடங்குகிறேன். முதலில் பெயர் கொடுத்தவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபத்திரண்டு, சர்க்கரை நோயும் உண்டு. அவருக்காக ஒரு சீஷி செய்யச் சொல்லி கொத்தனாரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். நாலு கிலோவில் வார்த்துக் கொண்டுவந்தார். அது எனக்கு ஆகும். அவருக்கு இரண்டு கிலோவில் வேறொன்று வார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.